வெள்ளை அட்டை மேலே

ஜூன் 4, செவ்வாய்

பெயிண்ட் ஷெட் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பூட்டும் ஷெட்டில் அட்டை எழுதுகிறவள். அட்டைகள் போகும் துணிப்பையிலேயே இந்தக் கடிதத்தையும் வைத்து மாலை வண்டியில் அனுப்புகிறேன். போனில் பேசச் சொன்னார்கள். போனில் எனக்கு வார்த்தை வராது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களே அதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறீர்கள்.

முன்பு நம் கம்பெனியில் ஒரே மாதிரி நூறு சக்கர நாற்காலி செய்து அடுக்கினார்கள். இந்த வருடம் முதல் ஒவ்வொன்றும் கேட்பவருக்குத் தகுந்த மாதிரி. சீட் எவ்வளவு அகலம், கால்பலகை எந்த உயரம், பிரேக் எந்தக் கைப்பக்கம், என்ன நிறம், எல்லாம் அவரவர் விருப்பம். ஒரு நாற்காலிக்கு ஓர் அட்டை. அதை எழுதி அனுப்புவது நான். உங்கள் பக்கம் வெல்டிங் செய்து, பெயிண்ட் அடித்து, ஊரின் இந்தக் கோடியில் இருக்கும் எங்களுக்கு அனுப்புகிறீர்கள். நாங்கள் சக்கரம், சீட், பிரேக் பூட்டிக் கொடுக்கிறோம்.

ஆனால் நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு நிறம்தான் அடிக்கிறீர்கள். திங்கள் வெள்ளை, செவ்வாய் மஞ்சள், புதன் சிவப்பு, வியாழன் நீலம், வெள்ளிக்கிழமை கறுப்பு. வெள்ளை கேட்டவரின் ஃபிரேம் செவ்வாயன்று வெல்டிங் முடிந்தால் அடுத்த திங்கள் வரை மூலையில் நிற்கிறது. தாமதமானால் 'அட்டையில் கோளாறு' என்கிறார்கள்.

இப்போது ஒரு ரொட்டிக்காரரின் ஆர்டர் இருக்கிறது. அவர் நாற்காலியில் இருந்தபடியே அடுப்பில் ரொட்டி சுடுகிறவர். மாவு விழுந்தால் தெரியக் கூடாது என்று வெள்ளை கேட்டிருக்கிறார். வலது கையில் தட்டு இருக்கும் என்பதால் பிரேக் இடது பக்கம். சீட் அகலத்தை இரண்டு தடவை மாற்றினார். அதனால் அவருடைய ஃபிரேம் 12-ஆம் தேதி, புதன்கிழமைதான் வெல்டிங் முடியும். கொடுப்பதாகச் சொன்ன தேதி 15, சனிக்கிழமை. உங்கள் கணக்கில் வெள்ளை 17-ஆம் தேதி.

நீங்கள் எல்லோரும் கடிகாரம் என்று கூப்பிடும் எங்கள் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். என் மூன்று மாதத் தற்காலிக வேலையும் அதே 15-ஆம் தேதி முடிகிறது. ஏற்கெனவே இரண்டு ஆர்டர் தாமதம். மூன்றாவதும் தாமதமானால் வேறு ஆளைப் போடுவாராம். "வாய் இருக்கிற ஆளா" என்றார்.

ஆகவே ரொட்டிக்காரரின் நாற்காலியை மட்டும் 13-ஆம் தேதி அடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அட்டை எழுதுகிறவள்


ஜூன் 5, புதன்

அட்டை எழுதுகிறவள் அவர்களுக்கு,

பொறுப்பாளர் அவர்கள் எழுதிக்கொள்வது. அடியே, நீ பிறந்த அன்று உன்னை முதலில் கையில் வாங்கினவள் நான். உன் மூக்கைப் பார்த்துவிட்டு, நம் வீட்டு மூக்குதான், பயப்பட ஒன்றுமில்லை என்று உங்கப்பனுக்குச் சொன்னவளும் நான். இப்போது நான் பொறுப்பாளர் அவர்கள். சொல்லிக்கொடுத்தது உங்கப்பனா? கூடப்பிறந்த அக்காவைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் தாண்டிப் போகிற மனுஷன் வேறென்ன சொல்லிக்கொடுப்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். முடியாது. ஏன் என்று தெரிந்துகொள். பெயிண்ட் பீய்ச்சும் கன்னில் ஒரு நிறத்தை முடித்து இன்னொன்றுக்குப் போவதென்றால் கன், குழாய், டப்பா எல்லாவற்றிலும் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் ஊற்றிக் கழுவ வேண்டும். முக்கால் மணி நேரம். சரியாகக் கழுவாவிட்டால் குழாயில் ஒட்டியிருக்கிற பழைய நிறம் புதிய நிறத்தின் மேல் புள்ளி புள்ளியாக விழும். உன் ரொட்டிக்காரருக்காக வியாழக்கிழமை நீலத்தை நிறுத்திக் கழுவி, வெள்ளை அடித்து, திரும்பக் கழுவி நீலத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் போகும். நாளைக்கு இன்னொருவர் மஞ்சளுக்கு அவசரம் என்பார். ஆளுக்கொரு ஆசைக்கு நடுவில் நடுவில் நிறுத்தினால் அப்புறம் நான் பெயிண்டர் இல்லை, பாத்திரம் கழுவுகிறவள்.

வேலை போனால் போகட்டும். பள்ளிக்கூடம் அங்கேயேதான் இருக்கிறது.

அத்தை

உங்கப்பனுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லாதே.


ஜூன் 6, வியாழன்

அத்தை,

பள்ளிக்கூடம் அங்கேயேதான் இருக்கிறது. எனக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தினமும் ஒருவரை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்வார்கள். எனக்கு எழுத்துத் தெரியாமல் இல்லை. எழுந்து நின்றதும் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். மணி அடிக்கும்வரை புத்தகத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பேன். இங்கே யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அட்டையைத்தான் பார்க்கிறார்கள். அதில் நான் எழுதியிருப்பதை வைத்து ஒரு நாற்காலி உருவாகிறது. இந்த வேலை போய்விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது.

நான் சேர்ந்த அன்று நீங்கள் கடிகாரத்திடம், "இது வாய் திறக்காத புள்ளைங்க. இதை வெச்சு என்ன பண்ணுவீங்க, வேற ஆளைப் பாருங்க" என்று சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவும் பக்கத்தில் நின்றார். அவர் எதிர்ப்பக்கம் தாண்டிப் போவது அதனால்தான்.

இரண்டு சந்தேகம். முட்டாள்தனமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம்.

வெள்ளைக்குப் பிறகு மஞ்சள், மஞ்சளுக்குப் பிறகு சிவப்பு என்று அடர்ந்த நிறத்தை நோக்கிப் போகும்போதும் முக்கால் மணி நேரம் கழுவ வேண்டுமா? மஞ்சள் புள்ளி சிவப்பின் மேல் தெரியுமா?

சாயங்காலம் ஷெட்டை மூடும்போது கன்னை என்ன செய்வீர்கள்? அப்படியே வைத்துவிட்டுப் போனால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளாதா?

அப்பாவின் முதுகு பரவாயில்லை. நீங்கள் கேட்டதாகச் சொல்லவில்லை. அவர், "உங்கத்தை அந்தப் பையில என்ன எழுதி அனுப்புறா? நான் கேட்டேன்னு சொல்லிடாத" என்றார்.

நான்


ஜூன் 8, சனி

மருமகளே,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்து, பாதியில் பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சேலையெல்லாம் நீலம்.

முதலில் உன் சந்தேகம். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக முழுக் கழுவல் வேண்டாம். கொஞ்சம் தின்னர் விட்டு ஒரு ஊது ஊதினால் போதும், ஐந்து நிமிடம். முக்கால் மணி நேரக் கழுவல் கறுப்பு முடிந்து வெள்ளைக்குத் திரும்பும்போதுதான். சாயங்காலத்தைக் கேட்டாயே, தினமும் மூடும்போது முழுசாகக் கழுவித்தான் கன்னை மாட்டிவிட்டுப் போகிறோம். அடைத்துக்கொள்ளும் என்று நீ சொன்னது சரி.

அப்புறம் யோசித்தேன். காலையில் வெள்ளையில் தொடங்கி, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வந்து, சாயங்காலம் கறுப்பில் முடித்தால் ஒரே நாளில் ஐந்து நிறமும் ஆகிவிடும். பெரிய கழுவல் எப்படியும் சாயங்காலம் நடக்கிறதுதான். கூடப் போவது நாலு ஊது, இருபது நிமிடம். நேற்று வேண்டாத கம்பிகளில் அடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

பதினாறு வருடமாக இந்தக் கன்னைப் பிடிக்கிறேன். நூறும் ஒரே நிறம் என்றிருந்த காலத்துப் பழக்கம் இது. நாற்காலி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போனில் பேச வராத ஒருத்தி வந்து கேட்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மாலை வண்டியிலிருந்து தொடங்கு. அன்றைக்கு எந்தெந்த ஃபிரேம் வெல்டிங் முடியும் என்று காலையில் எழுதி அனுப்புகிறேன். அவற்றின் அட்டைகளை இன்னொரு பிரதி எழுதி நிறவாரியாக அடுக்கி அனுப்பு. மறுநாள் அந்த வரிசையிலேயே அடிக்கிறோம். உன் ரொட்டிக்காரர் 13-ஆம் தேதி அடுக்கில் வரட்டும்.

கதவு விஷயம். நீ பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்றால் அதுவும் அசிங்கம்தான். நான் படித்தது ஐந்தாவது வரை. வேலை கிடைக்காவிட்டால் நீ திரும்பப் பள்ளிக்கூடம் போவாய் என்று நினைத்தேன். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அத்தை


ஜூன் 12, புதன்

அன்புள்ள அத்தை,

நேற்று நீங்கள் அடித்த பதினோரு நாற்காலி இன்று வந்தன. ஐந்து நிறமும் ஒரே வண்டியில். இறக்கி வரிசையாக நிறுத்தியபோது பூட்டுகிறவர்கள் எல்லோரும் கையில் ஸ்பானரோடு வந்து பார்த்தார்கள். ஒருவர், "என்னப்பா, மிட்டாய்க் கடை மாதிரி இருக்கு" என்றார். கடிகாரம் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். நான் பார்த்தேன், அவர் மறந்ததை.

நாளைக்கான அடுக்கை இரண்டு நாளும் செய்தது போலவே செய்திருக்கிறேன். வெள்ளையை முதலில் எழுதி வைத்தேன், அதன்மேல் மஞ்சள், அப்புறம் சிவப்பு, நீலம், கறுப்பு. ரப்பர் போட்டுக் கட்டியிருக்கிறேன். முதலில் எழுதியது ரொட்டிக்காரரின் அட்டை. 'பிரேக் இடது' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அப்பாவிடம், நாற்காலி ஐந்து நிறத்தில் வருகிறது என்றேன். "அவளுக்குக் கை சுத்தம், சின்ன வயசுலேருந்து" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

உங்கள் மருமகள்


ஜூன் 14, வெள்ளி

அத்தை,

வண்டி வந்தது. மூன்று வெள்ளை ஃபிரேமிலும் சாம்பல் புள்ளி. மஞ்சளிலும் சிவப்பிலும்கூட அங்கங்கே இருக்கிறது, ஆனால் அவற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வெள்ளையில் ரொட்டிக்காரருடையதில்தான் அதிகம், கைப்பிடிக்குக் கீழே மிளகு தூவியது போல.

நேற்று நீங்கள் லீவாம். உங்களுக்குப் பதில் கன்னைப் பிடித்த வெல்டர் மாமா ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். 'அட்டை வந்த வரிசையிலதான் அடிச்சேன். கட்டுல மேல கறுப்பு இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஊதிட்டுத்தான் மாத்தினேன். என்னைக் குத்தம் சொல்லாதீங்க.'

அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் எழுதி வைத்த அட்டை கட்டின் அடியில் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எழுதும்போது வெள்ளை முதலாவது. எடுக்கும்போது அதுவே கடைசி. செவ்வாயும் புதனும் மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று புரியவில்லை.

புள்ளியைத் தேய்த்து எடுத்துத் திரும்ப அடித்து வர செவ்வாய் ஆகும். நாளைதான் 15. கடிகாரம் ஃபிரேமைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆபீஸ் ரூமுக்கு வாம்மா" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் திங்கட்கிழமை போகப் போவதில்லை. போய் நின்றாலும் வார்த்தை வராது. மேசையைத் துடைத்து அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டேன். முதல் நாள் நீங்கள் சொன்னது சரிதான்.

மருமகள்


ஜூன் 15, சனி

மருமகளே,

சரியில்லை. நான் சொன்னது சரியே இல்லை. இப்போது எழுதப் போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டு.

செவ்வாய்க்கிழமை காலை உன் கட்டைப் பிரித்தேன். மேலே கறுப்பு. பிள்ளை தலைகீழாக அடுக்கிவிட்டது என்று கட்டைப் புரட்டிப் போட்டு வேலையை ஆரம்பித்தேன். புதன்கிழமையும் அதேதான். செவ்வாயும் புதனும் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டாயே, இப்படித்தான் வந்தது. உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். அட்டையைப் புரட்டு என்று இரண்டு வார்த்தை. இப்போதுதான் அன்புள்ள அத்தை என்று எழுதுகிற நிலைக்கு வந்திருக்கிறாய், குற்றம் கண்டுபிடித்தால் திரும்ப முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று பயந்தேன். வெல்டரிடமும் சொல்லாமல் லீவு போட்டேன். உன்னை வாய் திறக்காத பிள்ளை என்றேன். திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டிருந்தது யார் வாய்?

லீவு எதற்கு என்று கேட்பாய். உங்கள் வீட்டுக்கு வரத்தான். முதுகில் தடவுகிற மருந்து ஒன்று வாங்கிக்கொண்டு உங்கள் தெரு முனை வரை வந்தேன். உங்கப்பன் தன் தையல் கடை வாசலில் நின்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். தலையில் பாதி நரைத்துவிட்டது. மூன்று மாதத்தில் மனுஷனுக்கு இவ்வளவு நரைக்குமா, இல்லை நான்தான் முன்பு பார்க்கவில்லையா. அவன் நிமிர்ந்தான். நான் பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நின்று, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. பேருந்து நிலையத்தைத் தாண்டி எங்கேயோ கொண்டுபோய் இறக்கினார்கள்.

திங்கட்கிழமை போ. பேச வேண்டாம், போய் நின்றால் போதும். காரணம் கேட்காதே.

அத்தை


ஜூன் 17, திங்கள்

அன்புள்ள அத்தை,

போனேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை மாலை வந்தது. ரொட்டிக்காரர் அதற்கு முன்பே, பகல் ஒரு மணிக்கே, பழைய நாற்காலியை உருட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். அவரிடம் சொல்ல எல்லோரும் என்னைத்தான் தள்ளினார்கள். அவருடைய அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'பெயிண்டில் புள்ளி விழுந்துவிட்டது. திரும்ப அடித்துவர செவ்வாய் ஆகும். தவறு என்னுடையது.' அதை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் படித்தார். ஃபிரேமைப் பக்கத்தில் இழுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஏம்மா, இந்தப் புள்ளி என்ன கடிக்கவா போகுது? அடுப்புகிட்ட அரை மணி நேரம் இருந்தா இது மேல ஒரு விரல்கடைக்கு மாவு நிக்கும். அப்புறம் இந்தப் புள்ளியை நீயே வந்து தேடினாலும் கிடைக்காது. பிரேக் இடது பக்கம்தானே? அதைச் சரியா வை. நாளைக்குக் காலைல நான் தட்டு தூக்கணும்" என்றார். இரண்டு மணி நேரத்தில் பூட்டிக் கொடுத்தோம். நான்கு மணிக்கு வெளியே உருட்டிக்கொண்டு போனார். தேதி 15. தாமதம் இல்லை, அத்தை. மற்ற இரண்டு வெள்ளைக்கும் தேதி 22 வரை இருக்கிறது. திரும்ப அடித்தாலும் நேரத்துக்கு வந்துவிடும்.

இன்று காலை பத்து மணிக்கு ஆபீஸ் ரூமில் நுழைந்தேன். மேசைமேல் என் கடிதங்கள். ரப்பர் போட்டு, சரியான வரிசையில், முதலாவது மேலே இருக்கும்படி. கடிகாரம் சொன்னார்: "உங்கத்தை காலைல எட்டு மணிக்கே வந்து இதை வெச்சுட்டுப் போனாங்க. 'இந்தப் புள்ளைக்கு வாய் இல்லைன்னு உங்ககிட்ட சொன்னது நான்தான், அந்த வார்த்தையை நானே திரும்ப எடுத்துக்கிறேன்'னாங்க. கட்டைப் புரட்டின கதையையும் சொன்னாங்க."

எனக்கு முதலில் காதெல்லாம் சூடாகிவிட்டது. 6-ஆம் தேதி எழுதிய கடிதத்தில் ஒன்பதாம் வகுப்பு இருக்கிறதே என்று. அவர் ரப்பரைக் கழற்றி முதல் கடிதத்தைப் புரட்டியபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தீர்கள். தாளில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது, அதன் வழியே அடுத்த கடிதம் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர், "அடுக்கு இனிமே தலைகீழா போகாம இருக்க என்ன பண்ணப் போற?" என்றார். நான் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, 'இதற்குக் கீழே உள்ளதிலிருந்து தொடங்கவும்' என்று பெரிதாக எழுதி அந்தக் கடித அடுக்கின் மேல் வைத்துக் காட்டினேன். இனி வெள்ளை மேலே, ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் ஓர் எண். யார் கன்னைப் பிடித்தாலும், யார் லீவு போட்டாலும், புரட்ட வேண்டியதில்லை. அவர் அதைப் படித்தார். பிறகு அவரும் ஒரு தாளை இழுத்து ஒரே ஒரு சொல் எழுதி என் பக்கம் தள்ளினார். 'நிரந்தரம்.'

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பத்தேகால் ஆச்சு. போய் அட்டை எழுதும்மா" என்றார்.

நடந்துதான் இறங்கி வந்தேன். ஆனால் படி எத்தனை என்று நினைவில்லை. மேசைக்கு வந்து தண்ணீர் குடித்தேன், தினமும் குடிக்கிற அதே தண்ணீர், நன்றாக இருந்தது.

அப்பாவிடம் உங்கள் பஸ் கதையைச் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெகுநேரம் சிரித்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. இந்தத் தடவை பஸ் எங்க போகுதுன்னு பாத்து ஏறச் சொல்லு" என்றார். யார் கேட்டதாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "நான்தான்" என்றார்.

உங்கள் மருமகள்


ஜூன் 23, ஞாயிறு

அன்புள்ள அத்தை,

இந்தக் கடிதம் வண்டியில் வரவில்லை. நீங்கள் எங்கள் வீட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கம். அப்பா உள்ளே டீ போடுகிறார். டம்ளரை மூன்றாவது தடவையாகக் கழுவுகிற சத்தம் கேட்கிறது. பெரிய கழுவல் போலிருக்கிறது.

நீங்கள் உள்ளே வந்ததும் அவர் "வந்தியா" என்றார். நீங்கள் "ம்" என்றீர்கள். மருந்தை நீட்டினீர்கள். அவர் வாங்கி அதன்மேல் எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தார். அதோடு இரண்டு பேரும் நிறுத்திவிட்டீர்கள். கால் மணி நேரமாகிறது.

வெட்டி எடுத்த துண்டை என் கையில் மடித்துக் கொடுத்தீர்களே, அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அதற்கு ஏதாவது வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் எதிரில் வந்து உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் எழுதித் தள்ளுகிறேன். எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, அத்தை.

மருமகள்


(அதே தாளின் அடியில், நீல மையில்)

எனக்கும் தீர்ந்துவிட்டது. என்றைக்கோ தீர்ந்துவிட்டது. ஆனால் உங்கப்பன் டீயோடு வெளியே வந்தால் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஓர் அட்டையில் அழகாக எழுதிக் கொடு. நான் அவன் பக்கம் தள்ளுகிறேன்.